செருப்புக் கடை மாடிக் கூட்டம்

என் கணவருக்கு நோய் இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் டொக்டர் இல்லை. மாத்தளை டவுனில் செருப்புக் கடை வைத்திருக்கும் ஒருவர்.

பொங்கலுக்கு வாங்கிய செருப்பு மாசி மாதம் காலில் நுழைய மறுத்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று இவர் உடனே முடிவுகட்டிவிட்டார். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இவர்தான் தொழிலாளர் சங்கத் தலைவர். அநியாயத்தைக் கண்டால் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டார், அது செருப்பு செய்த அநியாயமாக இருந்தாலும் சரி. என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு ரத்தொட்டைப் பக்கமிருந்து பஸ் ஏறினார்.

கடைக்காரர் கோபப்படவில்லை. இவரை முக்காலியில் உட்காரவைத்து, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"தலைவர், செருப்புல பிழ இல்ல," என்றார். "கால்ல தண்ணி எறங்கியிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"செருப்பு விக்கிறவங்க வைத்தியமும் பாக்குறீங்களோ?" என்று இவர் எகிறினார்.

அவர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்க கூட்டிட்டுப் போங்க."

அவரை இங்கே ஃபலீல் நானா (முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்) என்று எழுதுகிறேன். உண்மைப் பெயர் அதுவல்ல. மாற்றியதற்குக் காரணம் இருக்கிறது.

வீட்டில் குடிக்கிற ஒருவரை வைத்துக்கொண்டு, எங்கே கூட்டிப்போவது, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இது நல்லபடியாக முடிகிற கதை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். சிரோசிஸ் (ஈரல் வடுப்பட்டு, சுருங்கி, கெட்டியாகிவிடும் நோய்) என்றார்கள். வார்ட்டில் சேர்த்து, குடி இல்லாமல் கிடந்த சில நாட்களில் இவருக்கு மருட்சி வந்தது (குடி திடீரென்று நின்றுபோனால் மூளை தடுமாறி, இல்லாததையெல்லாம் காண்பது). இவர் கட்டிலில் எழுந்து நின்று, "அன்பார்ந்த தோழர்களே!" என்று தொடங்கிவிட்டார். வார்ட்டுக்குச் சுடுதண்ணீர் வேண்டும், கூரை ஒழுகக் கூடாது, கோரிக்கை நிறைவேறும்வரை ஒருவரும் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறக் கூடாது என்று பேசினார். பக்கத்துக் கட்டில் சிங்களத் தாத்தா ஒருவர் கைதட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் மிஞ்சியது.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அம்மா, ஈரலிலை கெட்டுப்போன பங்கு திரும்பி வராது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம். இனி ஒரு சொட்டும் கூடாது. குடிச்சால் கனகாலம் இருக்க மாட்டார்."

"நான் சொன்னா கேக்க மாட்டாருங்க டொக்டர்."

"நீங்கள் சொல்லி நிக்காது. நான் சொல்லியும் நிக்காது. குடியை விட்ட ஆக்கள் கூடிக் கதைக்கிற கூட்டங்கள் இருக்கு. அவருக்குப் பொருத்தமான ஒண்டைத் தேடிப் பிடியுங்கோ."

கூட்டம் என்றதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இவருக்குக் கூட்டம் என்றால் சர்க்கரைப் பொங்கல். அங்கேதான் சிக்கல் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

முதலில் போனது டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்த சிங்களக் கூட்டம். வந்தவர்கள் நல்லவர்கள். ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லி, தான் குடிக்கு அடிமை என்று சொல்லி, தனக்கு நடந்ததைச் சொன்னார்கள். ஒருவர் தன் பிள்ளையின் கலியாணத்தன்று விழுந்து கிடந்ததைச் சொல்லித் தேம்பித் தேம்பி அழுதார். இவருடைய முறை வந்தது. இவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பெயர், தோட்டம், சங்கத்தில் வகிக்கும் பொறுப்பு எல்லாம் சொன்னார். தோட்டங்களுக்குப் பக்கத்தில் சாராயக் கடை திறக்க அனுமதி கொடுப்பதைக் கண்டித்தார். கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்களைப் பிடிக்காத பொலிசைக் கண்டித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார். "எப்புடிப் பேசினேன்?"

"நல்லாத்தான் பேசுனீங்க. யாரப் பத்திப் பேசுனீங்க?"

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கூட்டத்தில் குறை இல்லை. இவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த மொழியை இவர் தோட்டத்தை நடத்துகிற துரையோடும் பொலிசோடும் வழக்காடுவதற்காகப் படித்தவர். வாயைத் திறந்தாலே வழக்குத்தான் வந்தது. இன்னும் சில முறை போனோம். ஒவ்வொரு முறையும் ஒரு கண்டனம். பிறகு ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போதே பக்கத்தில் எங்கேயோ போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்து ஒரு ஜெபக் கூட்டம். அங்கே போய்க் குடியை விட்டவர்களை எனக்குத் தெரியும், அவர்களில் ஒருவர் இன்றும் தொடுவதில்லை. இவருக்கு அது ஒட்டவில்லை. "நான் மாரியம்மாவுக்குக் காப்புக் கட்டுறவன்," என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகுதான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய அந்தக் காரியத்தைச் செய்தார். தானே ஒரு கூட்டத்தைத் தொடங்கினார்.

தோட்டத்தில் நாலு பேர் சேர்ந்துவிட்டால் நிர்வாகக் குழு தெரிவு செய்யாமல் கலைய மாட்டோம். மரண உதவிச் சங்கம், கோயில் கமிட்டி, கிரிக்கெட் கழகம், எல்லாவற்றுக்கும் ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர். குடியை விடுவதற்கும் அப்படியே நடந்தது. கோயில் மண்டபத்தில் பேனர் கட்டினார்கள். ஒலிபெருக்கி வந்தது. இவர் போட்டியின்றித் தலைவராகத் தெரிவானார். இவருடைய தம்பி குமார் செயலாளர். குமார் எவ்வளவு குடிப்பான் என்பது லயத்துப் (தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்) பிள்ளைகளுக்கே தெரியும். ஆனால் அன்று அந்த மேடையில் ஒரு குடிகாரனும் இல்லை. எல்லோரும் நிர்வாகிகள்.

நான் பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிறவள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்தப் பிள்ளைகள்கூட, பொய்யாகத் தூங்கும்போது ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார்கள். மேடையில் மாலையோடு இருந்த மனுஷன் என் பக்கம் பார்க்கவே இல்லை.

கூட்டம் வெற்றியாக நடந்ததற்காக, மண்டபத்துக்குப் பின்னால் நிர்வாகக் குழு குடித்தது.

மறுநாள் காலை, மலைத் தண்ணீர் விழும் பீலியில் பல் விளக்கப் போனவர், அங்கேயே இரத்தம் இரத்தமாக வாந்தி எடுத்தார். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஈரல் அடைத்துப்போனால், உணவுக்குழாயில் இருக்கும் இரத்தக் குழாய்கள் புடைத்து வெடிக்குமாம். வாய் வழியாகக் குழாய் விட்டு, வெடித்த இடத்தை இரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். பிழைத்தார். யாழ்ப்பாணத்து டொக்டர் என்னைத் திட்டவில்லை. "இன்னும் தேடுங்கோ," என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஓட்டத்தில் இவருடைய செருப்பு எங்கேயோ போய்விட்டது. வார்ட்டில் போட இரப்பர் செருப்பு வாங்க ஃபலீல் நானாவின் கடைக்குப் போனேன். தலைவர் எப்படி என்று கேட்டார். நான் நின்றபடியே அழுதேன். கடையில் வேறு ஆள் இல்லை. அவர் எழுந்து போய்க் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தார்.

"நானும் அப்புடித்தான் இருந்தேன் தங்கச்சி. என்ட காலும் இப்புடித்தான் வீங்கினது. அதாலதான் அன்னைக்கு அழுத்திப் பாத்தேன்."

நான் நம்பவில்லை. வெள்ளைத் தொப்பியும் நெற்றியில் தொழுத தழும்புமாக இருக்கிற மனுஷன்.

"ஊட்டுல தெரியும், அல்லாவுக்குத் தெரியும்," என்றார். "பள்ளிவாசல்ல ஒருத்தருக்கும் தெரியாது. எங்கட ஆளுகள்ள குடிச்சவன்னு ஒருக்காப் பேரு வந்தா முடிஞ்சிச்சு. விட்டுட்டான்னு யாரும் சேத்துச் சொல்ல மாட்டாங்க. புள்ளைகள் இருக்கு, கடை இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வியாழக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு மேல வாங்க. குடிய விட்டவங்க சில பேரு அங்க கூடுறோம். ரெண்டு பேரும் வாங்க. வாசல்ல யாராச்சும் கேட்டா செருப்பு பாக்க வந்தோம்னு சொல்லுங்க."

கடை மாடி என்றால் சாமான் வைக்கும் அறை. சுவரெல்லாம் கூரைவரை செருப்புப் பெட்டிகள். நடுவில், கடையில் செருப்பு போட்டுப் பார்ப்பதற்கு வைத்திருப்பார்களே, அந்தக் குட்டை முக்காலிகள். அதில் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். அதில் உட்கார்ந்துகொண்டு யாராலும் பிரசங்கம் செய்ய முடியாது. தமிழ்தான் பேசுவார்கள், பல்லேபொலயிலிருந்து வருகிற சிங்களக்காரர் ஒருவர் இரண்டையும் கலந்து பேசுவார். வந்திருந்த மற்றவர்களைப் பற்றி எழுத மாட்டேன். அது அந்த அறையின் வழக்கம்.

இவருடைய முறை வந்தது. எழுந்தார். "இங்கு கூடியிருக்கும்" என்று தொடங்குவதற்குள் பெட்டி அடுக்கில் தலை இடித்து, இரண்டு பெட்டி கீழே விழுந்தது.

"சிவலிங்கம், இங்க நிக்க எடமில்ல," என்றார் ஃபலீல் நானா. "ஒக்காந்து சொல்லுங்க."

கலியாணமான நாளிலிருந்து, வெளியாள் ஒருவர் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் தலைவர், துரைக்குக்கூடத் தலைவர். இவர் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பேச வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவுமில்லை. ஒருவர் பேசினால் மற்றவர் பதில் சொல்லக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் அங்கே நடப்பு.

கீழே இறங்கியதும் வெடித்தார். "இதெல்லாம் ஒரு கூட்டமா? தலைமை இல்ல, தீர்மானம் இல்ல. என்னாத்துக்கு வாறது?"

"அடுத்த வியாழனும் வருவோம்," என்றேன்.

"ஏன்?"

"எனக்கு அந்த எடம் புடிச்சிருக்கு."

பொய் சொல்லவில்லை. குடிகாரன் பெண்டாட்டி என்று யாரும் என்னைப் பாவமாகப் பார்க்காத ஓர் அறை அது. எனக்காக வந்தார். வந்து வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தார். பல வியாழக்கிழமைகள் அப்படியே போயின. இடையில் ஒருமுறை சறுக்கினார். சறுக்கியதை அங்கே போய் நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் முகத்தைத் திருப்பவில்லை.

பிறகு ஒரு வியாழன், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இவருடைய முறை வந்தபோது வழக்கம்போல அடுத்தவரைக் கைகாட்டுவார் என்று நினைத்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்குப் பயமா இருக்கு. குடிக்காம இருக்கவும் பயமா இருக்கு. செத்துருவேன்னும் பயமா இருக்கு. நான் யார்கிட்டயும் இதச் சொன்னதில்ல."

அத்தனை மேடைகளில் பேசிய மனுஷன். அவர் பேசிய பேச்சுகளில் எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான். அன்றைக்குப் பிறகு இவர் குடிக்கவில்லை.

எளிதாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால், குழி வெட்டுகிறவர்களுக்கும் தப்பு அடிக்கிறவர்களுக்கும் சாராயப் போத்தலைத் தலைவர்தான் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். அது வழக்கம். கொடுக்கிறவர் முதலில் ஒரு வாய் நனைக்க வேண்டும், அதுவும் வழக்கம். இவர் அந்தப் பொறுப்பைக் குமாரிடம் விட்டார். கொஞ்ச நாளில் தலைவர் பதவியையும் விட்டார். "பெரிய மனுஷன் ஆயிட்டாரு, எங்க கையால வாங்கிக் குடிக்க மாட்டாரு," என்றார்கள். குடிக்கும்போது ஒருவரும் இவரைக் குறைசொன்னதில்லை. விட்ட பிறகுதான் ஊர் வாய் திறந்தது.

நான் சந்தோஷமாக இருந்தேன். சாயங்காலம் வீட்டில் இருந்து மிளகுக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றினார். கொழும்பிலிருந்து மகள் போனில் பேசினால் அவளுக்குப் பதில் சொன்னார். நிறுத்திவிட்டார், இனி பிழைத்துவிடுவார் என்று நான் கணக்குப் போட்டுவிட்டேன். டொக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. நானாக நினைத்துக்கொண்டது.

ஈரல் காத்திருக்கவில்லை. வயிற்றில் நீர் கோத்தது, ஊசி போட்டு எடுத்தார்கள். மறுபடி கோத்தது. பிறகு பேச்சுக் குழம்பியது. ஈரல் கழிவைச் சுத்தம் செய்யாவிட்டால் அது மூளைக்கு ஏறிவிடுமாம். என்னை மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கண் தெளிகிற நேரத்தில், "இன்னைக்கு வியாழனா புள்ள?" என்று கேட்பார். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் தலையாட்டுவார்.

செவ்வாய்க்கிழமை காலை வார்ட்டில் இறந்தார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவர்மேல் இல்லை. இத்தனை பாடுபட்டு நிறுத்திய மனுஷனைக் கொஞ்சம் விட்டுவைத்தால் என்ன என்ற கோபம். யார்மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

கருமாதி அன்று ஃபலீல் நானாவும் பல்லேபொலக்காரரும் வந்தார்கள். டவுன் முஸ்லிம் கடைக்காரருக்கும் எங்கள் லயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரோ கேட்டார்கள். "எங்கட கடையிலதான் செருப்பு வாங்குவாரு," என்றார் நானா.

படம் வைத்து, இலை போட்டு, இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படையல் வைத்தோம். குமார் உள்ளேயிருந்து ஒரு சாராயப் போத்தலைக் கொண்டுவந்து இலையில் வைத்து மூடியைத் திறந்தான்.

"அத எடு குமாரு."

"அண்ணனுக்குப் புடிச்சது அண்ணி. வெக்காட்டி ஆத்மா ஏங்கும்."

"ஒங்கண்ணன் நிறுத்திட்டாரு."

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் சொன்னார், கேலியாக இல்லை, பரிவாகத்தான் சொன்னார். "விடு தாயி. குடிச்சே செத்த மனுஷன். ஒரு மூடி ஊத்துறதுல என்னா வந்துரப் போவுது?"

நாலு பேர் ஆமாம் போட்டார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஈரலைத் தின்றது குடிதான். ஆனால் அவர் விட்டதும் உண்மை. அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? என் வீடும் அந்த மாடி அறையும்தான்.

நான் நானாவைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. பிறகு ஓரடி முன்னே வந்தார். "இல்ல, அவரு விட்டது எனக்குத் தெரியும்," என்றார். "எப்புடித் தெரியும்னா…"

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். டவுனில் அவர் கடைக்குப் போகிறவர்கள் அங்கே பாதிப் பேர். இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் எனக்குச் சாட்சி கிடைத்துவிடும். அவருக்குப் பள்ளிவாசலும் கடையும் பிள்ளைகளின் பெயரும் போய்விடும்.

"நானா," என்றேன், "வாங்க, தேத்தண்ணி குடிக்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. என் பின்னால் வந்தார். குமார் போத்தலிலிருந்து படையலுக்கு ஊற்றினான். அந்த வாடை அடுப்படிவரை வந்தது.

அடுத்த வியாழன் பஸ் ஏறினேன். கூட்டிப்போக ஆள் இல்லை, ஏன் போகிறேன் என்றும் தெரியாது. உடம்பு தானாக எழுந்து சேலை மாற்றிக்கொண்டது.

என் உடம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொழுது சாய்ந்தால் என் காது லயத்துப் படிக்கட்டுக்குப் போய்விடும். காலடி விழுகிற விதத்தை வைத்தே எவ்வளவு குடித்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். அதற்கேற்ப வயிறு இறுகும். அவர் விட்ட பிறகும் அது மாறவில்லை. செத்த பிறகும் மாறவில்லை. இப்போதும் எனக்குப் பகல் வேறு, அந்தி வேறு. பகலில் நான் விதவை. அந்தியில் இன்னும் வாசலைப் பார்த்து வயிறு இறுகுகிற பெண்டாட்டி.

அன்று மாடியில் ஒவ்வொருவராகப் பேசினார்கள். இவர் இறந்ததைப் பற்றி யாரும் எடுக்கவில்லை. என் முறை வந்தால் எப்போதும், நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன் என்று சொல்வது வழக்கம். அன்று சொன்னேன்.

"என் பேரு செல்வராணி. என் புருஷன் குடிச்சு ஈரல் கெட்டுச் செத்தாரு. சாகும்போது அவரு குடிக்கல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை.

"ஆனா அந்தியாச்சுன்னா, குடிச்சிட்டாவது வந்துரக் கூடாதான்னு இருக்கு."

சொன்ன பிறகுதான், குடியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நடுவில் இருந்துகொண்டு என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டேன். யாரும் திட்டவில்லை, தேற்றவில்லை. கீழே கடையில் யாரோ செருப்பைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு பல்லேபொலக்காரர் தன் பெயரைச் சொல்லிப் பேச ஆரம்பித்தார்.